கோபம் பிள்ளை மேல் இல்லை

கேள்வி: ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 8 வருஷமாக வேலை. சம்பளம் ஒழுங்காக வருகிறது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மகள் கூப்பிட்டாலே எரிந்து விழுகிறேன். வேலையில் நிம்மதி இல்லாததுதான் காரணமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பெரும்பாலும் அதுதான், தங்கச்சி. என் அம்மாவும் ஜவுளிக்கடையில் நின்றவர். இரவு 10 மணிக்கு வந்து, வெந்நீர் வாளிக்குள் கால்களை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். எங்கள் மேல்தான் கோபம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1985இல் தொடங்கிய 'வைட்ஹால் 2' ஆய்வில், தம் வேலையை எப்படிச் செய்வது என்று தாமே முடிவு செய்யும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் வருவது தெரிந்தது. உங்களை வாட்டுவது சேலை விற்பதா, அல்லது உட்காரக்கூட இன்னொருவர் முகம் பார்க்க வேண்டியிருப்பதா? யோசித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் வழி இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தப்பட்டது. தனியாகப் போகாமல், நாலு பேராகச் சேர்ந்து மேலாளரிடம் கேளுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அம்மாவுக்குக் கால் வலிக்குது, உன் மேல கோபம் இல்ல" என்று சொல்லுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.