தலையணைக்கு அடியில் ஒரு புத்தகம்

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மே மாத விடுமுறையில் மதியமெல்லாம் பாய் விரித்துப் படுத்துக் கதைப் புத்தகம் படிக்கிறேன். வெயில் தாழ்ந்ததும் பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடைகளில் பழைய புத்தகங்களைப் புரட்டிவிட்டு, பல நாள் எதுவும் வாங்காமலே திரும்புகிறேன். ஓரகத்தி கணினிப் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். “நீ மட்டும் பொழுதைப் பாழாக்குகிறாயே” என்கிறார் மாமியார். அவர் வரும் சத்தம் கேட்டாலே புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். நானும் ஏதாவது வகுப்பில் சேரட்டுமா? – வாசகி, திருவல்லிக்கேணி.

பதில்: வேண்டாம், சகோதரி. கணினி கற்கும் ஆசை உங்களுக்கே இருந்தால் அது வேறு. கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. விடைத்தாள் திருத்தி ஓய்ந்த கண்களுக்கு, மதிப்பெண் போட வேண்டாத ஒரு பக்கம் எத்தனை இதம் என்பதை நான் அறிவேன். என்னை உறுத்தியது அந்தத் தலையணைதான். ஊருக்கே பாடம் சொல்லும் ஒருவர் தன் வீட்டில் புத்தகத்தை ஒளிக்கும்படி ஆகக் கூடாது.

வாங்காமல் புரட்டுவது வீண் என்கிறீர்களா? நூலகவியல் மேதை எஸ். ஆர். ரங்கநாதன் உங்கள் பேட்டைக்குப் பக்கத்தில், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அதற்காகவே, அலமாரிகளைப் பூட்டாமல் வாசகரை உள்ளே விட வேண்டும் என்று வாதாடினார். நாம் தேடி வராத புத்தகம் கண்ணில் படுவதற்கு அப்படித் திரிந்தால்தான் வழி. நடைபாதையில் குந்தி அமர்ந்து நீங்கள் செய்வதும் அதுதான்.

ஒன்று மட்டும் பாருங்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் மேற்குக் காற்று வலுத்துவிட்டால் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும். வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது அத்தகைய நாட்களில்தான். அன்று மாலை ஐந்து மணிக்கும் நடைபாதை தகிக்கும். காற்று திரும்பிய பிறகு கிளம்புங்கள். அல்லது காலையிலேயே எழும்பூர் போய்க் கன்னிமாராவில் உட்கார்ந்துவிடுங்கள். 1896இல் திறந்த நூலகம். நாட்டில் வெளியாகும் நூல்களில் ஒரு படி அங்கே சேர வேண்டும் என்பது சட்டம்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். பழைய புத்தகக் கடைகளில் தொடர்கதை பைண்டு தொகுப்புகள் பார்த்திருப்பீர்கள். வாரா வாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ துணி ஒட்டியவை. எனக்கு அச்சுப் புத்தகத்தைவிட இவை மேல். கதை முடியும் இடத்தில் பாதி நறுக்கிய துணுக்கும், தலைவலித் தைல விளம்பரமும் இருக்கும். ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டிருப்பார்கள். தையல் இறுகிய இடத்தில் வரியின் முதல் எழுத்து மறைந்திருக்கும். நாமே ஊகித்துப் படிக்க வேண்டும். ‘தொடரும்’ என்ற சொல்லைக் கண்டு நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வாரம் காத்திருந்தார்கள். அடுத்த வீட்டாருக்கு இதழ் முதலில் போய்விட்டால் சண்டையே நடக்கும்.

உங்கள் மாமியாரும் அப்படிக் காத்திருந்தவராக இருக்கலாம். சமையலறை வேலையும் பிள்ளைகளும் வந்த பிறகு, ‘பொழுதைப் பாழாக்காதே’ என்று அவரிடமும் யாரோ சொல்லியிருக்கலாம். எனவே கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் எதிரிலேயே புத்தகத்தைத் திறந்து வையுங்கள். “அத்தை, உங்கள் நாளில் எந்தத் தொடர்கதைக்காகக் காத்திருந்தீர்கள்?” என்று கேளுங்கள். பெயர் சொன்னால் அதையே தேடிக் கொண்டுவாருங்கள். அவருக்குக் கண் தெளிவில்லை என்றால் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஓர் அத்தியாயம் போதும். அவர் முகம் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை, புத்தகம் மட்டும் தலையணைக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

பைகிராஃப்ட்ஸ் சாலையில் அகப்படாவிட்டால் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் பாருங்கள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தக வியாபாரிகள் அங்கேதான் கடை போட்டார்கள். பைண்டு தொகுப்பு கிடைத்தால் விலை பேசும் முன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். முடிவு அத்தியாயத்தை யாராவது கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள்.