கிழக்கே எல்லை: கடல் (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: திருகோணமலை நிலாவெளியில் 20 பேர்ச் காணி பார்த்திருக்கிறோம். உறுதி சுத்தம் என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். மாடி வீடு கட்ட வேறு ஏதும் பார்க்க வேண்டுமா?

பதில்: 'உறுதி சுத்தம்' என்று யாராவது சொன்னாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். காணி யாருடையது என்பதை உறுதி சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்று சொல்லாது. நொத்தாரிசிடம் நீங்கள் அதைக் கேட்கவுமில்லை.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். களப்பு கடலோடு சேரும் இடங்களில் அது 2 கிலோமீற்றர் வரை உள்ளே போகும். அதற்குள் வீடு கட்டக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிரதேச சபை பிளான் பாஸ் பண்ணினால் போதும் என்பார் தரகர். போதாது. நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதியா, திட்டத்தில் அந்தத் துண்டு எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பிரதேச சபையில் கேளுங்கள்.

கடற்பக்கம் கட்டாமல் விட வேண்டிய தூரம் இடத்துக்கிடம் மாறும். பக்கத்து வளவில் ஹோட்டல் நிற்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள். அது அனுமதியோடுதான் நிற்கிறது என்று யார் சொன்னது? நில அளவைப் படத்தோடு இரண்டு கந்தோருக்கும் போங்கள், அட்வான்ஸ் கொடுக்கமுன்.

அப்புறம், காணியை மார்கழியில் ஒருதரம் பாருங்கள். ஆடியில் நம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், மணலும் அகலமாகத் தெரியும். வாடைக்காற்று வந்தால்தான் உண்மை தெரியும். நான் ஆடியில் பார்த்துக் களப்போரம் 10 பேர்ச் வாங்கியவன். மார்கழியில் முழங்காலளவு தண்ணீர். 'ஆடியிலேயே காட்டி வித்துவிடுவம்' என்றார் தரகர். எனக்கு மனம் வரவில்லை. இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது.

கேள்வி: பெர்மிட் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) சத்தியக்கடதாசி எழுதி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் வாங்கினால் காசு கொடுத்தவர் நீங்கள், காணிக்காரர் வேறு.

கேள்வி: கனடாவிலிருந்து எழுதுகிறேன். மச்சான் ஊரில்தான் இருக்கிறார். வட்சப்பில் காணியின் படம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பினேன். பற்றுச்சீட்டு இல்லை. இப்போது காசு வாங்கியவர் போன் எடுக்கிறாரில்லை.

பதில்: வங்கிப் பதிவையும் வட்சப் செய்திகளையும் அழிக்காமல் சட்டத்தரணியிடம் கொடுங்கள். ஊரிலுள்ள மச்சானை ஒருநாள் அனுப்பியிருந்தால் ஆட்டோக் காசோடு முடிந்திருக்கும். கடிதத்தில் மச்சானைப் பற்றியும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: கணவரின் சேமலாப நிதியில் உப்புவெளியில் கட்டிய வீடொன்று வாங்கினேன். முன் விறாந்தை அனுமதியில்லாமல் கட்டியது என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. விற்றவர் மூச்சே விடவில்லை.

பதில்: அம்மா, முதலில் ஒன்று: மறைத்தவர் மேல்தான் பிழை. ஆனால் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். அனுமதியற்ற கட்டடத்தை இடிக்கக் கரையோரத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அங்கீகரித்த பிளானின் பிரதியைப் பிரதேச சபையிடம் கேளுங்கள். விறாந்தை அதில் இல்லையென்றால் விற்றவருக்கு எதிராக உங்கள் கையில் ஒரு சாட்சி இருக்கும். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். பிளான் கைக்கு வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: கடலோர வீட்டுக்கு இரும்புக் கேற் நல்லதா?

பதில்: மரம் போடுங்கள். என் இரும்புக் கேற் இரண்டாம் வருடமே கையோடு வந்துவிட்டது.