லேசிக் செய்தால் பவர் முழுவதும் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 23. இரண்டு கண்ணிலும் மைனஸ் 6.5, கூடவே சிலிண்டர் பவரும் உண்டு. பல வருடங்களாக சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். லேசிக் செய்துகொண்ட தோழிக்கு மைனஸ் 0.75 மிச்சமாகிவிட்டது. எனக்கு அப்படி ஆகாமலிருக்க எந்த மெஷின் நல்லது?

பதில்: மெஷினை அப்புறம் விசாரிக்கலாம். நாம் கொடுக்கும் பவர் எண்ணுக்கு ஏற்பத்தான் லேசர் கருவிழியை (கார்னியாவை) செதுக்கும். அந்த எண்ணே தவறாக இருந்தால், தவறையும் கச்சிதமாகச் செதுக்கிவிடும்.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் கான்டாக்ட் லென்ஸ் மீதுதான். அது கருவிழியின் வடிவத்தை லேசாக மாற்றி வைத்திருக்கும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்று, இரண்டு வாரமாவது கழற்றி வைத்த பிறகே அளவெடுக்க வேண்டும். சற்று விறைப்பான செமி சாஃப்ட் என்றால் மூன்று, நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக. முந்தின நாள் வரை போட்டுவிட்டு, "கழற்றி ரெண்டு வாரம் ஆச்சு" என்று சொல்பவர்கள் நிறைய. ஏமாறுவது டாக்டர் அல்ல.

இளவயதுக் கண் பரிசோதனையின்போது தன்னையறியாமல் ஃபோகஸ் செய்து, மைனஸைக் கூட்டிக் காட்டும். அதனால் சொட்டு மருந்து விட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். கண் வறட்சி இருந்தால், கருவிழியின் வளைவைக் காட்டும் டோப்போகிராஃபி படமே தடுமாறும்; அதற்கு முதலில் சிகிச்சை எடுங்கள். கடைசி ஒரு வருடத்தில் பவர் 0.5-க்கு மேல் மாறியிருந்தால் அவசரப்படாதீர்கள்.

கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் சிலிண்டர் பவருக்குத் தனிச் சிக்கல் உண்டு. படுத்ததும் சிலருக்குக் கண் சற்றே சுழலும். ஆக்ஸிஸ், அதாவது அந்தப் பவர் அமைந்த கோணம், 10 டிகிரி விலகினாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீண். உட்கார்ந்த நிலையில் கண்ணில் அடையாளம் வைக்கிறார்களா, அல்லது கண் சுழற்சியைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வசதி லேசரில் இருக்கிறதா என்று கேளுங்கள். மெஷினைப் பற்றிக் கேட்க வேண்டிய உருப்படியான கேள்வி இதுதான்.

அறுவை அறையின் ஈரப்பதமும் கணக்கில் வரும். கருவிழி ஈரமாக இருந்தால் லேசர் குறைவாகச் செதுக்கும், காய்ந்திருந்தால் அதிகமாக. அன்று சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள் என்பதும் சும்மா இல்லை; அந்த ஆவி லேசர் கதிரைப் பாதிக்கலாம்.

மைனஸ் 6.5-க்கு ஏறக்குறைய 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) செதுக்க வேண்டியிருக்கும். செதுக்குவதற்கு முன் மேலே மூடிபோல் திறக்கும் மெல்லிய மடலுக்கு 110 மைக்ரான் வைத்துக்கொள்ளுங்கள். கருவிழியின் தடிமன் 540 மைக்ரான் என்றால் 330 மிஞ்சும், கவலையில்லை. 480 என்றால் மிஞ்சுவது 270தான். குறைந்தது 250 என்பது பழைய கணக்கு, இன்று பலரும் 300 வரை எதிர்பார்க்கிறார்கள். அப்போது, கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். லென்ஸ் பற்றியும் பேசிப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், ஆறும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். பவர் கூடக்கூட, கொஞ்சம் திரும்பி வரும் வாய்ப்பும் கூடும். பூஜ்யத்திலிருந்து 0.5-க்குள் நின்றால் மருத்துவர்கள் அதை வெற்றி என்றே சொல்வார்கள். தோழிக்கு மிச்சமானது அதைவிடச் சற்றுதான் அதிகம். பவர் நிலையானதும், கருவிழியில் தடிமன் இருந்தால், திரும்பவும் திருத்தலாம்.

அறுவைக்கு முந்தைய அளவுகள் அனைத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வயதான பின் கண்புரை வந்தால், லென்ஸ் பவர் கணக்கிட அவை உதவும்.