ஹோம்ரன் (பந்தை எல்லை வேலிக்கு மேல் அனுப்பும் அடி) அதிகம் அடிக்காமலே பேஸ்பாலில் பெரிய பேட்டர் ஆனவர் யாராவது உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் டோனி க்வின். 1982 முதல் 2001 வரை இருபது சீசன்கள், சான் டியேகோ பாட்ரேஸ் என்ற ஒரே அணிக்கு ஆடினார். ஹோம்ரன் மொத்தமே 135தான். ஆனால் ஹிட், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டியது, 3,141.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விளக்கம்: பேஸ்பால் சராசரி என்பது பத்து வாய்ப்பில் எத்தனை ஹிட் என்ற கணக்கு. பத்துக்கு மூன்று (.300 என்று எழுதுவார்கள்) தேறினாலே நல்ல பேட்டர். க்வின் முதல் ஆண்டில் மட்டும் .289, அதற்குப் பிறகு .300க்குக் கீழே இறங்கவே இல்லை.

எனக்குப் பிடித்த எண் வேறு. இருபது சீசனில் அவர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆனது வெறும் 434 முறை. இன்றைய அதிரடிக்காரர்கள் சிலருக்கு இது மூன்று சீசன் கணக்கு! கிரெக் மேடக்ஸ் போன்ற மகா பிட்சரை (பந்து வீசுபவரை) நூறு முறைக்கு மேல் எதிர்கொண்டும் ஒருமுறைகூட அவரிடம் ஸ்ட்ரைக் அவுட் ஆனதில்லை.

வித்தை எங்கே? களத்தில் பந்தைத் தடுக்க நிற்பவர்களில் மூன்றாம் பேஸ்மேனுக்கு 5, ஷார்ட்ஸ்டாப்புக்கு 6 என்று எண் உண்டு. இடக்கை பேட்டரான க்வின் இருவருக்கும் நடுவே பந்தைத் தட்டிவிடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஐந்தரை ஓட்டை'. 1983இல் ஆட்டம் சரிந்தபோது, தன் ஆட்டங்களை வீட்டில் வீடியோ டேப்பில் பதிவு செய்யச் சொன்னார் மனைவியிடம். பிறகு அந்தப் பழக்கம் விடவே இல்லை; சக வீரர்கள் 'கேப்டன் வீடியோ' என்று கேலி செய்தார்கள்.

1994தான் இன்னும் மனதை அரிக்கிறது. 1941இல் டெட் வில்லியம்ஸுக்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் யாரும் ஒரு சீசன் முடிவில் .400ஐத் தொட்டதில்லை. ஆகஸ்ட் நடுவில் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியபோது க்வின் .394இல் நின்றார். அதுவரை ஆடியதில் இன்னும் மூன்றே மூன்று ஹிட் கிடைத்திருந்தால் .400ஐத் தாண்டியிருப்பார். அந்த சீசன் அப்படியே முடிந்துபோனது. மீதி ஆட்டங்களில் சராசரி இறங்கியிருக்கலாம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2014இல், 54 வயதில், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் இறந்தார். மெல்லும் புகையிலைதான் காரணம் என்று அவரே நம்பினார்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன்: ஹோம்ரன் அவருக்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். 1998 உலகத் தொடரின் (பேஸ்பால் சீசனின் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில், யாங்கீ மைதானத்தில், டேவிட் வெல்ஸ் வீசிய பந்தை வலப்பக்க மேல்மாட முகப்பில் மோதும்படி அடித்தார். ஹோம்ரன்தான். ஆனால் ஆட்டத்தில் பாட்ரேஸ் தோற்றது.