மூடிய பள்ளியில் ஊர்க் கூடம்: கியோட்டோ கட்டடங்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: சார், வகுப்பறைக்கென்று கட்டியதைப் பொதுக்கூடமாக மாற்றினால் ஒட்டுமா? ஜப்பானில் கியோட்டோவில் மட்டும் எப்படிச் சரிப்பட்டது?

ப: அங்கே பள்ளி தொடக்கத்திலிருந்தே ஊர்க் கட்டடம்தான். ஜப்பான் அரசு நாடு முழுவதற்கும் கல்விச் சட்டம் கொண்டுவந்தது 1872-இல். கியோட்டோ தெருக்காரர்கள் 1869-லேயே 64 பள்ளிகளைத் திறந்துவிட்டார்கள். நம்மூரில் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி வாங்குவதுபோல, அடுப்புக்கு இவ்வளவு என்று பிள்ளை இல்லாத வீட்டிலும் வசூலித்தார்கள். ஊர்க்கூட்டம் போடும் இடமும் தீ கண்காணிக்கும் கோபுரமும் அந்தப் பள்ளிகளோடு சேர்ந்தவை.

மெய்ரின் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கான்கிரீட் கட்டடம் 1931-இல் எழுந்தது. நகர மையத்தில் பிள்ளைகள் குறைந்து 1993-இல் பள்ளி மூடப்பட்டது. 2000-இல் கியோட்டோ கலை மையமாகத் திறந்தார்கள். வகுப்பறைகள் கலைஞர்களின் பட்டறைகளாயின; ஒன்றில் காபிக் கடை. 78 பாய் விரித்த பெரிய கூடத்தையும், மாடிக்கு ஏறும் சாய்தளத்தையும் அப்படியே விட்டுவைத்தார்கள். நல்ல முடிவு.

கே: பழைய வகுப்பறையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏசி வைக்கலாமா?

ப: ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு தூரத்துக்குத்தான் நல்ல வெளிச்சம் உள்ளே வரும். மூன்றரை மீட்டர் உயர ஜன்னல் என்றால் ஏழு மீட்டர் அகல அறைக்குப் போதும். கூரையை இரண்டே முக்கால் மீட்டருக்கு இறக்கிவிட்டால் எதிர்ச்சுவர்ப் பக்கம் பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

கே: எங்கள் ஊர்ப் பழைய பள்ளியின் விரிசல் படம் அனுப்பியிருக்கிறேன். தாங்குமா?

ப: படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரை நேரில் கூட்டிப் போங்கள்.

கே: வாசல் தெற்குப் பார்த்து இருக்கிறது. வாஸ்துப்படி சரியா?

ப: என் துறை இல்லை.

கே: கூடத்துக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் போடலாமா சார்?

ப: மேலே எழுதியதைப் படியுங்கள். கூடத்துக்கும் அதே பதில்தான்.

கே: கலை மையத்தை மட்டும் புகழ்கிறீர்கள். கியொமிசு பள்ளி ஹோட்டலாகிவிட்டது. தத்சுயிகே பள்ளி மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளுக்கான அருங்காட்சியகமாகி, சுற்றுலாக் கூட்டம். ஊர்க்காரருக்கு என்ன மிச்சம்?

ப: இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தத்சுயிகேயில் பழைய தலைமையாசிரியர் அறை இருக்கிறது, நடந்தால் கிறீச்சிடும் மரத்தரை இருக்கிறது. விளையாட்டுத் திடலில் புல்விரிப்புப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் படுத்துப் படிக்கிறார்கள்.

கே: டிக்கெட் வாங்கித்தானே? ஊர்ப்பணத்தில் எழுந்த பள்ளிக்குள் போக ஊர்க்காரன் ஏன் காசு தர வேண்டும்?

ப: நியாயமான கேள்வி. கட்டணம் வைப்பதில் எனக்கும் சம்மதமில்லை. ஆனால் பூட்டிப் போட்ட கட்டடம் மழை ஒழுகியே போய்விடும். பராமரிப்புக்கு எங்கிருந்தாவது பணம் வர வேண்டும். 2020-இல் ரிஸ்ஸெய் பள்ளி இடத்திலும் ஹோட்டல் வந்தது. அங்கே நூலகமும் பொதுத்திடலும் ஊர்ச் சங்கத்துக்கு இடமும் சேர்த்தே திட்டம் போட்டார்கள். நான் பார்ப்பது இதைத்தான்: ஊர்க்கூட்டம் போட யாரிடமும் கெஞ்சாமல் ஓர் அறை கிடைக்கிறதா? பள்ளி மூடிய பிறகும் கியோட்டோவில் அந்தந்தப் பழைய பள்ளிக்கு உட்பட்ட பகுதியின் எல்லையை வைத்துத்தான் விளையாட்டு விழாவும் பேரிடர்ப் பயிற்சியும் நடக்கின்றன. அந்த அறையை எழுத்தில் உறுதி செய்யாமல் யாருக்கும் குத்தகைக்கு விடாதீர்கள்.

கே: ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் ஏசி எப்படி?

ப: சுவரில் மாட்டும் ஏசி போதும். ஜன்னலை மறைக்காத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.