ஓய்வெடுத்தும் தீராத சோர்வு: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 38. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் வந்த வைரஸ் காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. அதோடு வந்த அசதி மட்டும் இன்றுவரை போகவில்லை. பத்து மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கி எழுந்த உணர்வே இல்லை. கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளில், சேர்ந்து கிடக்கும் வேலைகளை முடித்துவிடுகிறேன். மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையை விட்டு எழ முடிவதில்லை. பரிசோதனை முடிவுகள் எல்லாம் நார்மல். ஒரு மருத்துவர் மனச்சோர்வு என்றார். இன்னொருவர் தினமும் நடக்கச் சொன்னார். நடக்கத் தொடங்கியபின் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. வீட்டில் இதைச் சோம்பல் என்றே நினைக்கிறார்கள். இது நோய்தானா?

பதில்: கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால், நாள்பட்ட சோர்வு நோய்க்குறியின் முக்கிய அடையாளத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது சோர்வு அன்று; சோர்வு நூறு நோய்களில் வரும். உழைத்த அன்று ஒன்றும் தெரியாமல், ஒன்றிரண்டு நாள் கழித்து உடல் மொத்தமாகச் சரிந்துவிடுவதும், அந்தச் சரிவு செய்த வேலைக்குச் சற்றும் பொருந்தாத அளவில் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீடிப்பதும்தான் இந்த நோயை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. மன உழைப்பும் இதே சரிவைக் கொண்டுவரும் என்பதால், உங்களைப் போல் எண்களோடு வேலை செய்பவர்கள் கணக்கு முடிக்கும் காலத்தில் விழுந்துவிடுவதில் வியப்பில்லை.

அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல் வகுத்த வரையறையின்படி, முன்பு செய்துவந்த வேலைகளைச் செய்ய முடியாதபடி 6 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, உழைப்புக்குப் பிந்தைய சரிவு, தெளிவு தராத தூக்கம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அவற்றோடு நினைவும் கவனமும் மந்தமாவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது ஆகிய இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். இதை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை இன்னும் கிடையாது. ஆகவே, உங்களுக்கு எல்லாம் நார்மல் என்று வந்தது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது; வேறு நோய் இல்லை என்பதற்கே சான்று. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், சிறுநீரக, கல்லீரல் கோளாறுகள், இரும்புச் சேமிப்பு, வைட்டமின் பி12, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் பிரச்சினை ஆகிய அனைத்தும் பார்க்கப்பட்டனவா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நார்மல் என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பிவிடாதீர்கள்.

மனச்சோர்வில் பெரும்பாலும் விருப்பமே வற்றிப்போகும். உங்களுக்கோ செய்ய வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே இருக்கிறது. உடல்தான் இடம் கொடுக்கவில்லை. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி பொதுவாக நன்மை செய்கிறது. உங்களுக்கு நடை கெடுதல் செய்திருக்கிறது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம் என்பது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் 1969 முதலே இந்த நோயை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் வைத்திருக்கிறது என்பதை, சோம்பல் என்று சொல்பவர்களிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

நடக்கச் சொன்ன மருத்துவர் மீது கோபப்பட வேண்டாம். பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் முறை பல ஆண்டுகள் அதிகாரபூர்வமாகவே பரிந்துரைக்கப்பட்டது. 2011இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வும் அதற்குத் துணை நின்றது. அந்த ஆய்வின் அளவீடுகள் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. நோயாளிகளும் பயிற்சிக்குப் பின் மோசமானதாகத் தொடர்ந்து கூறிவந்தனர். கடைசியில், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த முறையைக் கைவிட்டது. நோயாளிகள் சொன்னதைக் கேட்க மருத்துவம் இத்தனை காலம் எடுத்துக்கொண்டது வருந்தத்தக்கது என்பது என் கருத்து.

இப்போதைக்கு உங்களுக்குக் கைகொடுப்பது, சக்தியின் எல்லைக்குள் வாழப் பழகுவதுதான். தெம்பான நாளில் எல்லை மீறிச் செய்ததை உடல் இரண்டு நாள் கழித்து வட்டியும் முதலுமாக வசூலித்துவிடுகிறது. இரண்டு, மூன்று வாரங்களுக்கு, செய்த வேலையையும் அடுத்த மூன்று நாட்களின் நிலையையும் சுருக்கமாகக் குறித்துவையுங்கள்; எந்த அளவைத் தாண்டினால் விழுகிறீர்கள் என்பது தெரியவரும். பிறகு, களைத்தபின் ஓய்வு என்றில்லாமல், களைக்கும் முன்பே ஓய்வு என்று மாற்றிக்கொள்ளுங்கள். தலைக்குக் குளித்துவிட்டுக் கையை உயர்த்தித் தலை வாருவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது என்று இந்நோய் உள்ள பெண்கள் சொல்வதுண்டு. அப்படியானால் முக்காலியில் உட்கார்ந்து குளித்து, அரைமணி படுத்திருந்து, அதன் பிறகு தலை வாரலாம். ஓய்வு என்றால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது அன்று. கண்ணுக்கும் மூளைக்கும் அது வேலைதான்.

கேள்வி: என் மனைவிக்கு இந்த நோய் உறுதியாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முழுமையாகக் குணமாக்குவதாகச் சொல்லும் ஊசிகளும் சத்து மாத்திரைகளும் விளம்பரமாகின்றன. முயன்று பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். நோயைக் குணமாக்குவதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று எதுவும் இல்லை. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ரிட்டுக்சிமாப் மருந்துகூட, நார்வேயில் நடந்து 2019இல் முடிவு வெளியான சோதனையில் ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்ட, மருந்தில்லாத வெறும் திரவத்தைவிட மேலாகப் பயன் தரவில்லை. ஆனால், தூக்கமின்மை, வலி, தலைசுற்றல் ஆகியவற்றைத் தனித்தனியே குறைக்க மருந்துகள் உண்டு. இந்நோயாளிகள் பலரின் உடல் மருந்துகளைத் தாங்குவதில்லை என்பதால், மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டும்படி மருத்துவரிடம் கேளுங்கள். குறைபாடு இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் மட்டும் சத்து மாத்திரை போதும்.

காலப்போக்கில் பலருக்கு ஓரளவு முன்னேற்றம் வருகிறது. பெரியவர்களில் முன்பிருந்த நிலைக்கே முழுமையாகத் திரும்புவோர் குறைவு. விளம்பரமாகும் ஊசி, மாத்திரைகளுக்குச் செலவழிக்கும் பணத்தை வீட்டு வேலைக்கு ஓர் ஆளை அமர்த்தச் செலவிட்டால், அதுவே அவருக்குச் சிறந்த மருத்துவமாக இருக்கும்.

கேள்வி: 15 வயது மகளுக்கு இந்த நோய் இருக்கலாம் என்கிறார் மருத்துவர். வரிசையில் சற்று நேரம் நின்றாலே மயக்கம் வருகிறது. பள்ளியை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் அந்த மயக்கத்தைக் கவனிப்போம், ஏனென்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள் பலமுறையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல், துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் கூடினால், நிற்கும்போது இதயம் மிகையாகத் துடிக்கும் கோளாறு அவருக்கு இருக்கலாம். பெரியவர்களுக்கு இந்த வரம்பு 30. தண்ணீரையும் உப்பையும் கூட்டுவது, கால்களை இறுக்கிப் பிடிக்கும் காலுறைகள், தேவையானால் மருந்து என இதற்கு வழிகள் இருக்கின்றன. உப்பைக் கூட்டுவதை மட்டும் மருத்துவர் சொல்லாமல் செய்யாதீர்கள்.

பள்ளியை முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. முழுநேரம் அனுப்பவும் வேண்டாம். பிள்ளைகள் மீள்வதற்கான வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். அரைநாள் வகுப்பு, விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு, தேர்வில் கூடுதல் நேரமும் இடையில் படுத்து எழ வசதியும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிப் பள்ளியில் கொடுங்கள். வருகைப் பதிவு குறைவதைப் பற்றி மகளிடம் பேசாதீர்கள். அதை நீங்களும் தலைமையாசிரியரும் பேசிக்கொள்ளலாம்.