லேக் வியூ ரோட்டில் லேக் எங்கே?

கேள்வி: திருச்சியிலிருந்து மாற்றலாகி, மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. எதற்கு இந்தப் பெயர்?
- வாசகி ஒருவர், சென்னை-33

பதில்: நீங்கள் நூறு வருஷம் தாமதமாகக் குடிவந்துவிட்டீர்கள், அம்மா! ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இன்றைய தி.நகரின் பெரும்பகுதி ஏரிதான். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். படகுப் போட்டிகூட நடந்திருக்கிறது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது அதைத் தூர்த்து மனை போட்டார்கள். அதனால்தான் அங்கே எங்கு திரும்பினாலும் அந்தக் கட்சிக்காரர்கள் பெயர்: பிட்டி தியாகராயர், பனகல் அரசர், நடேசனார், டாக்டர் நாயர். பாண்டி பஜார்கூட சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்தது என்பார்கள்.

கிழக்கே பூங்காவும் அகலத் தெருவும் அமைந்தன. எங்கள் மேற்குப் பக்கத்துக்குக் கொசுதான் வாய்த்தது. நான் பள்ளியில் படித்தபோது இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி, விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். யானைக்கால் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் தலைகாட்டும். தூக்கக் கலக்கத்தில் விரலை நீட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வோம். 'மாம்பலமா?' என்று சம்பந்தி வீட்டார் காலைப் பார்த்த காலம் அது.

அப்போது எங்கள் வீட்டு வாசலுக்குத் தெருவிலிருந்து நான்கு படி ஏற வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்தன. இப்போது ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகிறோம். 2015 டிசம்பர் மழையில் ஹாலில் இடுப்பளவு தண்ணீர். அது வடிந்த பிறகு பார்த்தால், தினசரி காலண்டர் ஊறிக் கட்டியாக ஒட்டிக்கொண்டு கிழிக்கவே வரவில்லை. புது வருஷம் பிறந்தும் எங்கள் சுவரில் டிசம்பர் 1தான்.

சரி, நீங்கள் தரைத்தளமா, மாடியா என்று எழுதவில்லையே? தரைத்தளம் என்றால் வாசலில் எத்தனை படி மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்படியே, மின்சார மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும்.